கரம் மேசை வாவிக்குள் விழுந்த விபரம்

கொக்கட்டிச்சோலை,
செவ்வாய் பின்னேரம்.

அன்பும் மதிப்பும் மிக்க அக்கா சீதேவிப்பிள்ளை அறிவது,

நாங்கள் இங்கு உயிருடன் இருக்கிறோம். மாங்கேணியில் தாங்களும் அத்தானும் அதைவிட நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழத் தொடங்குவீர்கள் என்பதால் எழுதுகிறேன். முழுவதும் வாசித்த பிறகு அழவும்.

தங்கள் வளவுத் தேக்கில் தாங்கள் தந்த பலகையைக் கொண்டு மகள் ஆர்த்திகா, தச்சுப் பயிற்சியின் இறுதிச் சோதனைக்காக, காய் சுண்டி விளையாடும், கால் வைத்த கரம் மேசையொன்று செய்தாள். ரெண்டு மாத வேலை. ஒரு ஆணி கிடையாது, எல்லாம் துளை போட்டுச் செருகின பொருத்து. இன்று ஒன்பது மணிக்குள் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரைப் பயிற்சி நிலையத்தில் ஒப்படைக்காவிட்டால் சான்றிதழ் அடுத்த வருசம்தான். வாறன் எண்ட லொறிக்காரன் வரல்ல, எட்டு மணியாப் போச்சு, மோட்டர்சைக்கிளெல்லாம் ஏத்திக்கொண்டு வாவியக் கடக்கிற மிதவைப் பாதையில மேசையையும் ஏத்தினம். நடு வாவிக்குப் போகக்குள்ள ஒரு காத்து அடிச்சுது பாருங்கக்கா, மேசை சறுக்கித் தண்ணிக்குள்ள! நாலு காலும் மேல பாத்துக்கொண்டு மிதக்குது. எனக்கு நீச்சல் தெரியாது. நான் வாயத் திறக்க முதல் அவ குதிச்சிட்டா. "விடு புள்ள! மேசை போனாப் போகுது, நீ ஏறி வா!" எண்டு கத்துறன், காத்து என்ட சத்தத்தத் தின்னுது, அவட தலை ஒருக்காத் தெரியுது, ஒருக்கா இல்ல. பிறகு பாத்தா மேசைக் காலொண்டப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறா. இறாலுக்குப் போன வினோஜன் தோணியக் கொண்டு வந்து, "தங்கச்சி, கையத் தாங்க" எண்டான். "முதல்ல மேசையப் பிடிங்கண்ணே" எண்டிட்டா!

ஒன்பதுக்கு ரெண்டு நிமிசம் கிடக்கக்குள்ள ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுபோய் வச்சம். சோதிக்க வந்த இர்ஷானா மிஸ் காயொண்டச் சுண்டினா. நேராப் போக வேண்டிய காய் வளைஞ்சு போய்க் கீழ விழுந்துது. மரச்சுத்தியல எடுத்து ஒவ்வொரு காலா அடிச்சா, ஆட்டினா. "மேல் பலகை ஊதிப்போச்சு, மாத்த வேணும். பொருத்து ஒண்டும் அசையல்ல. பாஸ்" எண்டா. தண்ணிக்குள்ள அழாத புள்ள அப்பதான் அழுதா.

ஆகவே அக்கா, இன்னுமொரு பலகை தந்துதவவும். காற்றுச் செய்த வேலைக்கு நாங்கள் பொறுப்பாக முடியுமா? அத்தானுக்கு என் வணக்கம். ஆண்டவன் தங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி
அழகரத்தினம்

பி.கு.: மாமி, இது ஆர்த்திகா. கடித உறைய ஒட்டச் சொல்லி அப்பா தந்தார், வாசிச்சிட்டன். இண்டைக்குக் காத்தே அடிக்கல்ல. அப்பா இடுப்புச் சாரத்த இறுக்கிக் கட்டப்போய் மேசையில சாஞ்சவர். ஆனா "விடு புள்ள" எண்டு கத்தினது உண்மை. ரெண்டு கரைக்கும் கேட்டுதாம்.