வீட்டில் இரண்டு விநாடி, ஆஸ்பத்திரியில் பதினொன்று

கலபுரகி,
செவ்வாய்க்கிழமை

பீதரில் இருக்கும் மைத்துனர் வீரபத்ரப்பா அவர்களின் சமுகத்துக்கு, சரணு சரணார்த்தி. இங்கே நானும் உங்கள் தங்கை மகானந்தாவும், வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை. குறை இருக்கிறது. அதற்குப் பெயர் மல்லிநாத்.

உங்கள் தங்கை பழைய சேலைகளை அடுக்கிக் கவுதிப் போர்வை தைக்கிறாள் அல்லவா, ஊசியை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை, அதனால் ரெண்டு மாதமாகக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி அறுக்கிறது என்றாள். கண் ஆஸ்பத்திரிக்கு நானேதான் கூட்டிப் போனேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கண்ணீர் எவ்வளவு நேரம் கண்ணில் காயாமல் நிற்கிறது என்று சோதிக்கிற ஆள்தான் இந்த மல்லிநாத். ஐம்பது வயசிருக்கும், மீசைக்குச் சாயம், மடிப்புக் கலையாத சட்டை. கண்ணில் மஞ்சள் மருந்தைத் தொட்டு வைத்து, நீல விளக்கைப் போட்டுவிட்டு, "என்னையே பாருங்கம்மா, இமைக்காதீங்க" என்கிறார். கட்டின புருஷன் நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். நாலு விநாடியில் கண்ணீர்ப் படலம் உடைந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்ததை மறைக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் விட்டால்தானே. "நீங்க அரைகுறையா இமைக்கிறீங்கம்மா, மேல் இமை கீழே வந்து தொடவே இல்ல. மூணு தரம் மெதுவா, முழுசா மூடித் திறங்க" என்றார். திறந்தாள். பதினொரு விநாடி. இமைப்பு மாறினால் அளவும் மாறிவிடும், அதனால் எல்லாரையும் ஒரே மாதிரி இமைக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு விளக்கம் வேறு. பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் நேரக் காப்பாளராக இருந்தவனுக்கு விநாடி என்றால் என்னவென்று சொல்லித் தருகிறாராம்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். என்னையே பார், இமைக்காதே என்றேன். ரெண்டே விநாடி. சிரித்துவிட்டு, ரொட்டி கருகுகிறது என்று எழுந்து போய்விட்டாள். அந்த ஆளுக்குப் பதினொன்று, எனக்கு இரண்டு! அன்று முதல் அவள் சோள ரொட்டி தட்டினாலும் சரி, தைத்தாலும் சரி, எதிரிலேயே உட்கார்ந்து இமைப்பை எண்ணுகிறேன். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதே என்று நான் இமைப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். தைக்கும்போது நிமிஷத்துக்கு ஆறு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசினால் இருபது, மல்லிநாத் பேச்சை எடுத்தால் இருபத்தேழு. இது எதில் சேர்த்தி, நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் மறுபடி போனோம். எனக்கும் பாருங்கள் என்று நாற்காலியில் நானே ஏறி உட்கார்ந்துவிட்டேன். பதினொன்றைத் தாண்டாமல் இறங்குவதில்லை என்று அந்த நீல விளக்கை முறைத்தேன். கண் எரிந்து பொலபொலவென்று கொட்டியதுதான் மிச்சம். "இப்படி முறைக்கக் கூடாதுங்க. இமைச்சாத்தானே கண்ணீர் பரவும்" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு, என்னைத் தாண்டிப் போய் உங்கள் தங்கையிடம் ரகசியமாக ஏதோ சொன்னார். அவளும் தலையாட்டினாள். என்னவென்று கேட்டால், வருகிற திங்கட்கிழமை வரச் சொன்னார் என்கிறாள், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். வயிறு எரிகிறது மச்சான். பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன். வேலையும் போய் வீட்டோடு உட்கார்ந்த பிறகு எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்தி. அவளும் என்னை ரெண்டு விநாடிக்கு மேல் பார்க்க மாட்டாள் என்றால் நான் எங்கே போவேன்? ஆகவே திங்கட்கிழமைக்குள் நீங்கள் பஸ் ஏறி வந்து, அந்த ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் பீதருக்கே கூட்டிப் போய் ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், நான் எப்படியோ கிடந்துவிட்டுப் போகிறேன்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. சரணபசவேசுவரர் அருளால் உங்கள் வீட்டில் எல்லோருடைய கண்ணும் எந்நேரமும் ஈரமாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிவசரணப்பா,
ஓய்வுபெற்ற நேரக் காப்பாளர்

பின்குறிப்பு: அண்ணா, மகானந்தா எழுதுகிறேன். உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். முழுசாக இமைக்கப் பழகினதிலிருந்து என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை போவது இவர் கண்ணுக்காக. முறைத்து முறைத்து என்னுடையதைவிட மோசமாகக் காய்ந்து கிடக்கிறதாம், எப்படியாவது கூட்டி வாருங்கள் என்றுதான் அந்த மனிதர் சொன்னார். உங்களுக்குத்தான் என்று சொன்னால் இவர் வர மாட்டார், எனக்கு என்றால் காவல் காக்க முதல் ஆளாக வந்து நிற்பார். நான் ஏன் ரெண்டு விநாடியில் எழுந்து போகிறேன் என்று இவருக்குப் புரியவில்லை. வெட்கமாக இருக்கிறது அண்ணா. கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷமாக எந்த பஸ் எப்போது வந்தது என்று பார்த்தாரே தவிர, என் முகத்தை இப்படி எதிரில் உட்கார்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. நீங்கள் இப்போதைக்கு வர வேண்டாம்.