நுசைபாவை அளக்க வந்த அம்மாள்

மதிப்பிற்குரிய அண்ணன் ஹாஜி தாஜுஸ்ஸிர் அவர்களுக்கு,

கெய்ரோவிலிருந்து தம்பி பக்ரி ஸலாத்துடன் எழுதுவது. போர்ட் சூடானில் உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் கோபமும் தணிந்திருக்க துஆ செய்கிறேன்.

“பொண்ணு எகிப்துக்காரியா மாறிட்டாளாமே, இங்க அனுப்பு, நான் நிமித்திடறேன்” என்று போனில் கத்தினீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் நுசைபாவைப் பிரிந்து என்னால் இருக்க முடியாது அண்ணே. இந்த நேரம் பார்த்து, குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு சூடான், எவ்வளவு எகிப்து என்று அளப்பதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஷாஹிந்தா என்றொரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். அவர் கேட்கக் கேட்க ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் சொல்ல வேண்டுமாம். நம் வெண்டைப்பொடிக் குழம்புக்கு நுசைபா கொடுத்தது ஒன்று, இந்த ஊர்க் கொஷரிச் சோற்றுக்கு ஐந்து! கனவுகூடக் கெய்ரோப் பேச்சில்தான் வருகிறதாம். “பெரியப்பா சொன்னா கேப்பியாம்மா?” என்றதற்கு, “எந்தப் பெரியப்பா? போன்ல கத்துவாரே, அவரா?” என்றாள். சரி, பிள்ளை கையை விட்டுப் போயிற்று என்று எனக்குக் கண் இருட்டிவிட்டது.

அளந்து முடித்தவர் எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரி சித்தனா கிஸ்ரா ரொட்டி சுட்டுக் குழம்போடு நிற்கிறாள், இவரோ, “மன்னிக்கணும், அளக்கப் போற வீட்ல எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு விதி” என்கிறார். விருந்தாளி வெறும் வயிற்றோடு போவதாவது! என் வாய் உங்களுக்குத் தெரியுமே. “ஒரு வாய் சாப்பிடாம இந்தக் கட்டடத்தைத் தாண்டினீங்கன்னா எம் பொண்டாட்டிக்குத் தலாக்!” என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் அதை உபசார வார்த்தையென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே படியிறங்கிவிட்டார். சித்தனா கரண்டியோடு என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன். நுசைபாதான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி, வாசலில் அவர் கைப்பையைப் பிடித்து இழுத்து, நம் சொந்த ஊர் ஓம்துர்மான் பேச்சிலேயே போட்டாள் பாருங்கள்: “ஒரு வாய் தின்னுட்டுப் போங்கம்மா! எங்கப்பா சொன்னா சொன்னதுதான். எங்கம்மாவ நடுத்தெருவுல நிறுத்திடாதீங்க!” சொல்லிக்கொண்டே ஊட்டியும் விட்டாள்.

அம்மாள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து முழுக் கிண்ணத்தையும் காலி செய்தார். “எகிப்துக்கும் அஞ்சு, சூடானுக்கும் அஞ்சு” என்றார். “ரெண்டும் எப்படிம்மா?” என்றேன். “ஏன், ஒண்ணு ஏறினா இன்னொண்ணு எறங்கணும்னு யார் சொன்னா?” என்றார். அண்ணே, நான் அழுதுவிட்டேன். ஆகையால் பிள்ளையை அனுப்புகிற பேச்சுக்கே இனி இடமில்லை.

உங்களுக்கும் அண்ணிக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் தடையில்லாத மின்சாரமும் தருவானாக.

அன்புத் தம்பி,
பக்ரி

பி.கு.: கடிதத்தைச் சித்தனா படித்துவிட்டாள். நான் இப்படித் தலாக் என்று வாய்விட்டது மூன்றாவது தடவையாம். உங்களிடம் நியாயம் கேட்க, இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நுசைபாவோடு நாளைக்கே விமானம் ஏறுகிறாள். பிள்ளை அழுவாள் என்று பார்த்தேன். “பெரியப்பாவ நானும் ஒருவாட்டி அளந்து பாத்துட்டு வரேம்ப்பா” என்கிறாள். ஒன்றிலிருந்து ஐந்துக்குள்தான் கொடுப்பாள், கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.