இல்லாத கேபிளில் வந்த படம்

ஓர் ஊரில் ஒரு சான்றளிப்பு அலுவலகம் இருந்தது. பிறந்தவர் பிறந்தார் என்றும், இறந்தவர் இறந்தார் என்றும், குடியிருப்பவர் குடியிருக்கிறார் என்றும் காகிதத்தில் எழுதி, அதன்மேல் வட்ட முத்திரை குத்தித் தருவது அதன் வேலை. குத்துகிறவரை எல்லாரும் டொப்பு அண்ணன் என்பார்கள். அவர் குத்தினால் 'டொப்' என்கிற சத்தம் மூன்றாவது அறைவரை கேட்கும். கேட்டால்தான் வரிசையில் நிற்கிற சனத்துக்கு மூச்சு வரும்.

அந்த அலுவலகத்து இயக்குநருக்கு நவீனம் என்றால் கொள்ளைப் பிரியம். பக்கத்து அலுவலகத்தில் நாற்காலிக்குச் சக்கரம் வைத்தார்கள் என்று இவர் மேசைக்கும் அலமாரிக்கும் சேர்த்து வைத்தவர். அப்படிப்பட்டவர் காதில், அங்கே நெட்வொர்க் கேமரா மாட்டியிருக்கிறார்கள் என்ற சேதி விழுந்தது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இவர்களிடமும் கேமரா இல்லாமல் இல்லை. ஆனால் பழசு. அதில் எல்லாம் ஒரே புகையாகத் தெரியும். எது அலமாரி, எது ஊழியர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நகர்ந்தால் அலமாரி என்று வைத்துக்கொள்வார்கள்.

புதுக் கேமரா வந்து இறங்கியது. மாட்டுவதற்கு ஒரு பெண் வந்தாள். தோளில் ஏணியோடு நுழைந்ததால் வாசலிலேயே ஏணியக்கா ஆகிவிட்டாள். சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். இரண்டடி கனம்.

"புதுக் கேபிள் இழுக்கணும்னா இதைத் துளைக்கணும் சார்."

"கூடவே கூடாது," என்றார் கண்காணிப்பாளர். இயக்குநருக்கு அடுத்த நாற்காலி அவருடையது. "சுவர் கட்டட இலாகாவுக்குச் சொந்தம். உள்பக்கத்துச் சுண்ணாம்பு மட்டும்தான் நம்மது."

"அப்ப பழைய கேபிளையே வெச்சுக்கலாம். உள்ள கல்லு மாதிரி கிடக்கு. டிவிக்கு வருமே, நடுவுல செம்புக் கம்பி ஓடுற கோஆக்சியல் கேபிள், அதுதான். இந்த முனையில ஒரு டப்பா, அந்த முனையில ஒரு டப்பா வெச்சாப் போதும். கேமராவுக்கு கரண்ட் இதுலயே போயிடும், படமும் இதுலயே வந்துடும்."

கண்காணிப்பாளர் நெற்றியைச் சுருக்கினார். "ஒரே கம்பியில கரண்ட் போகுது, படம் வருது. நடுவழியில முட்டிக்காதா?"

"நீங்க டீ குடிச்சுக்கிட்டே திட்டுறீங்களே சார், முட்டிக்குதா?"

இயக்குநர் சிரித்துவிட்டார். அதனால் மற்றவர்களும் சிரித்தார்கள். அதனால் அனுமதி கிடைத்தது.

ஒரே நாளில் வேலை முடிந்தது. படம் என்றால் அப்படி ஒரு படம். மேசையில் ஊர்கிற எறும்புக்கு எத்தனை கால் என்று எண்ணலாம். வாசல் கேமரா ஊழியர்களின் முகத்தைப் பார்த்து அதுவே வருகைப் பதிவு போட்டது. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் முகத்தைக் காட்டினால் போதும். கையெழுத்து நோட்டை இயக்குநர் தம் கையாலேயே கிழித்துப் போட்டார். மூன்று மாதம் சுகமாக ஓடியது.

நாலாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, வட்ட முத்திரை காணாமல் போனது.

டொப்பு அண்ணன் கோப்பு எடுக்க உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பினார். மைப்பெட்டி இருக்கிறது, முத்திரை இல்லை. மேசைக்கு அடியில் தேடினார், மேசையை உருட்டிவிட்டுத் தேடினார், வரிசையில் நின்றவர்களின் பைகளைக் கெஞ்சிக் கேட்டுத் துழாவினார். இல்லை. கால் மணி நேரத்தில் கண்காணிப்பாளரிடமிருந்து ஓலை வந்துவிட்டது: "தங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருந்த வட்ட முத்திரை காணாமற்போனமைக்காகத் தங்களைப் பணியிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்பதை இன்று மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் விளக்குக."

டொப்பு அண்ணன் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த நேரம் பார்த்து ஏணியக்கா கேமராவுக்குத் தூசி தட்ட வந்திருந்தாள்.

"தங்கச்சி, இருபத்திரண்டு வருஷமா குத்துறதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா. வீட்டுக் கதவைத் தட்டினாக்கூட நடுவுல இந்தக் கை மைப்பெட்டியைத் தேடும். என்னை யாரு வேலைக்கு வெச்சுக்குவா?"

"அட, எதுக்குண்ணே அழுவுறீங்க? உங்க மேசைக்கு நேர் மேல கேமரா இருக்கு. போட்டுப் பாத்தாப் போச்சு."

இயக்குநர் அறையில் எல்லாரும் கூடினார்கள். ஏணியக்கா படத்தைப் போட்டாள்.

மணி பதினொன்று இருபது. கண்காணிப்பாளர் வருகிறார். சுற்றும் முற்றும் பார்க்கிறார். வரிசை முழுக்க, உள்ளே போன டொப்பு அண்ணன் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. டொப்பு அண்ணன் மேசையிலிருந்து முத்திரையை எடுக்கிறார். அதன் மரப்பிடியைச் சட்டைக் காலருக்குள் விட்டு முதுகைச் சொறிகிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். சொறிந்தபடியே ஜன்னலோரம் போகிறார். சுகம் எல்லை மீறுகிறது. கை நழுவுகிறது. முத்திரை ஜன்னல் வழியாக வெளியே போகிறது. ஜன்னலை ஒட்டி வந்த குப்பை லாரி ஒன்று அதை வாங்கிக்கொண்டு, நிற்காமல் போகிறது.

கண்காணிப்பாளரின் பிடரியில் இருந்த மச்சம்வரை தெளிவாக விழுந்திருந்தது.

"அது நான்தானான்னு சொல்ல முடியாது," என்றார் கண்காணிப்பாளர்.

"உங்க சட்டை, உங்க கண்ணாடி, உங்க மூஞ்சி சார்," என்றாள் ஏணியக்கா.

கண்காணிப்பாளர் எழுந்து போய் ஒரு பேரேட்டோடு வந்தார். பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். இரண்டு வருடத்துக்கு முந்திய இருப்புக் கணக்கெடுப்பு. கணக்கெடுக்க வந்தவர் கேபிளைக் கண்ணால் காட்டச் சொல்லியிருக்கிறார். அது சுவருக்குள் இருந்தது. சுவரோ வேறு இலாகாவுக்குச் சொந்தம். ஆகவே கண்காணிப்பாளர் ஒரு முடிவுக்கு வந்து, தம் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்: "கோஆக்சியல் கேபிள், அறுநூறு மீட்டர். முற்றிலும் சிதைந்து போனதால் அப்புறப்படுத்தப்பட்டது."

"ஆகவே ஐயா," என்று தொண்டையைச் செருமிக்கொண்டார், "ஆவணப்படி இந்தக் கட்டடத்துல கேபிளே இல்ல. இல்லாத கேபிள்ல எப்படிப் படம் வரும்? வராத படத்துல நான் எப்படி முதுகைச் சொறிவேன்?"

இயக்குநர் எழுந்து போய்ச் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "உள்ள இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்," என்றாள் ஏணியக்கா. "இல்லேன்னா கேமரா எப்படி ஓடும்?"

"நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று குறுக்கிட்டார் கண்காணிப்பாளர்.

"ரெண்டு முனையையும் பாத்தேன்."

"நடுவுல?"

"நடுவுல சுவர் சார்."

"சரியாப் போச்சு," என்றார் கண்காணிப்பாளர். "நடுவுல அப்புறப்படுத்தியாச்சு."

இயக்குநர் பேரேட்டை மேலும் கீழும் பார்த்தார். கையெழுத்து இருந்தது. தேதி இருந்தது. "ஆவணம் ஒண்ணு சொல்லும்போது சுவர் வேற ஒண்ணு சொல்ல முடியாது," என்று பெருமூச்சு விட்டார். "படம் செல்லாது. டொப்பு, நீங்க விளக்கத்தை எழுதிக் கொடுத்துடுங்க."

டொப்பு அண்ணன் அசையவில்லை. ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகம். வாசல் கேமராவும் அதே கேபிள்தானே?"

"அதே கேபிள்தான். அதாவது, அதே இல்லாத கேபிள்."

"அப்ப மூணு மாசமா அதுல விழுந்த வருகைப் பதிவு?"

இயக்குநர் கண்காணிப்பாளரைப் பார்த்தார்.

"நான் மூணு மாசமா ஆபீசுக்கு வரலையா?"

"வந்தீங்க ஐயா. ஆனா படம் வரல," என்றார் கண்காணிப்பாளர்.

"நீர் வந்தீரா?"

"நானும் வரல ஐயா."

"கையெழுத்து நோட்டு?"

"நீங்கதான் கிழிச்சீங்க ஐயா. நவீனம்னு சொல்லி."

கதவு தாழிடப்பட்டது. ஒரு மணி நேரம் ஆலோசனை நடந்தது. கேபிள் இருந்தால் கண்காணிப்பாளர் மாட்டுவார். இல்லாவிட்டால் எல்லாருமே மாட்டுவார்கள். கதவு திறந்தபோது ஆணை தட்டச்சாகித் தயாராக இருந்தது. இயக்குநரே படித்தார்: "மேற்படி கேபிள் தினமும் காலை ஒன்பதே முக்கால் முதல் பத்து மணி வரையிலும், மாலை ஐந்து முதல் ஐந்தே கால் வரையிலும் இருப்பதாகவும், இடைப்பட்ட நேரங்களில் இல்லாததாகவும் கருதப்படும். இவ்வாணை மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே அமலுக்கு வருகிறது."

ஏணியக்கா தலையில் கை வைத்தாள். "சார், அது கேபிள் சார். பகல்ல எங்க போகும்?"

"அது தொழில்நுட்பம். இது நிர்வாகம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"அப்ப என் முத்திரை ஐயா?" என்றார் டொப்பு அண்ணன். மணி நாலே முக்கால்.

இயக்குநர் யோசித்தார். அதையும் ஆணைப்படியே யோசித்தார். "காலையில பத்து மணிக்கு முன்னாடி முத்திரை எங்க இருந்தது?"

"மேசை மேல."

"படம் இருக்கா?"

"ஒன்பது ஐம்பத்தெட்டுக்குத் தெளிவா இருக்கு சார்," என்றாள் ஏணியக்கா.

"பதினொண்ணு இருபதுக்குக் கேபிள் இல்ல, படம் இல்ல. அதனால அப்ப ஒண்ணும் நடக்கல. ஒண்ணுமே நடக்கலேன்னா முத்திரை எங்க போகும்? இருந்த இடத்துலதான் இருக்கும். இருக்கிற முத்திரையைத் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி அலுவலகத்துல பீதியைக் கிளப்பினதுக்காக உங்களைக் கடுமையா எச்சரிக்கிறேன், டொப்பு. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. போய்க் குத்துங்க."

"எதை வெச்சு ஐயா?"

"முத்திரையை வெச்சு."

"புதுசு ஒண்ணு செஞ்சு கொடுத்தீங்கன்னா..."

"பழசு தொலைஞ்சாத்தான் புதுசு தர முடியும். தொலையலையே!"

டொப்பு அண்ணன் தம் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். முன்னால் வரிசை அப்படியே நின்றது. முதலில் நின்ற அம்மா காகிதத்தை நீட்டினார். டொப்பு அண்ணன் கண்காணிப்பாளரைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்தார். டொப்பு அண்ணன் வெறும் கையை முஷ்டியாக மடக்கினார். மைப்பெட்டியில் ஒற்றி எடுத்தார். காகிதத்துக்கு ஒரு விரற்கடை பக்கத்தில், வெறும் மேசையில், ஓங்கிக் குத்தினார்.

டொப்.

சத்தம் மூன்றாவது அறைவரை கேட்டது. அந்த அம்மா முகம் மலர்ந்து காகிதத்தை மடித்துக்கொண்டு போனார். அடுத்தவர் வந்தார்.

இது நடந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் எனக்கும் ஓர் இருப்பிடச் சான்று தேவைப்பட்டது. இரண்டு மணி நேரம் நின்று வாங்கிக்கொண்டேன். அதை எடுத்துக்கொண்டு, நவீனத்துக்குப் பேர்போன அந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"முத்திரை கொஞ்சம் மங்கலா விழுந்திருக்கு," என்றார்.

"ஆமா சார், மை குறைவு போலிருக்கு," என்றேன்.

"பரவாயில்ல, வையுங்க." காகிதத்தை மேசையில் பரப்பினார். இழுப்பறையைத் திறந்து ஒன்றும் எடுக்காமல் மூடினார். கையை முஷ்டியாக மடக்கி, பக்கத்தில் ஒரு குத்துக் குத்தினார்.

நான் காகிதத்தைக் கையில் வாங்கி, மை காயட்டும் என்று ஊதினேன்.