டாக்டரின் நல்ல கால்

டாக்டரின் கால் கட்டைவிரல் திரையில் நீலமாக இருந்தது. இருக்கக் கூடாது.

"என்னம்மா, நான் போய்ச் சேர்ந்துட்டேன்னு சொல்லுதா உன் பெட்டி?" என்றார் டாக்டர், காலை ஸ்டூலில் நீட்டியபடி.

பெட்டியைச் செய்து கொண்டுவந்த ஆய்வு மாணவி சிரிக்கவில்லை. டிபன் டப்பா அளவுதான் பெட்டி. உள்ளே பல நிற எல்.இ.டி. விளக்குகள். ஒவ்வொன்றாக எரியும், ஒவ்வொரு நிறத்திலும் கேமரா ஒரு படம் எடுக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், தோலுக்கு அடியில் ரத்தம் ஓடும் இடம் சிவப்பு, ஓடாத இடம் நீலம். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதே வேலைக்கு ஒரு கருவி அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். இது தோள்பையில் அடங்கும்.

சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்க்கும் இந்த டாக்டர் சரியென்றால் பெட்டி இந்தக் கிளினிக்கிலேயே இருக்கும். இல்லையென்றால் ஆய்வுக்கூடத்தின் அலமாரிக்குள் போய்விடும்.

முதலில் ஒரு நல்ல காலைக் காட்டி, 'ஆரோக்கியம் என்றால் இதுதான்' என்று பெட்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

"என் காலைவிட நல்ல கால் எங்க இருக்கு?" என்று டாக்டரே செருப்பைக் கழற்றியிருந்தார்.

"வெளிச்சம் உள்ள வருது சார்" என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். இருட்டில் பக்கத்து விரலும் நீலமானது.

"அடடே, பரவுது!"

லென்ஸைத் துடைத்தாள். நீலம் பளிச்சென்று தெரிந்தது.

விடுவதாக இல்லை. டாக்டர் காலே சரி, பெட்டிதான் தப்பு என்று அதன் கணக்கைத் திருத்தினாள். திரையில் விரல்கள் சிவந்தன. சரிபார்க்க, பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்காவின் காலை வைத்தாள். திரை தீப்பிடித்தது போலானது.

"ஐயோ, எனக்கு என்னம்மா ஆச்சு?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லக்கா."

"ஒருத்தருக்குச் சரி பண்ணா இன்னொருத்தருக்குக் கெட்டுப்போகுது" என்றார் டாக்டர். "மூட்டை கட்டும்மா."

"ஒரே ஒரு தடவை சார்."

கணக்கைப் பழையபடி மாற்றினாள். அக்காவின் கால் அழகான சிவப்பு. டாக்டரின் விரல்கள் நீலம்.

"சார்... உங்க காலை மட்டும்தான்..." என்று திரையைக் காட்டினாள்.

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "என் காலுக்கு என்ன குறைச்சல்? காலையில இதே விரலைக் கட்டில்ல நங்குன்னு இடிச்சுக்கிட்டேன். துளி வலிக்கல, தெரியுமா?"

செருப்பை மாட்டிக்கொண்டே நர்ஸ் அக்கா சொன்னாள்:

"நேத்து விரலை வெட்டி எடுத்தோமே, அந்தப் பெரியவரும் இதையேதான் சார் சொன்னாரு."