மீட்டர் கத்தினால் சீல்

"பீ...ப்!"

மீட்டர் கத்தியதும் பல் டாக்டர் நோயாளியின் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"பாதரச ஆவி எகிறுது டாக்டர்," என்றார் சோதனைக்கு வந்த சுகாதாரத் துறை ஆய்வாளர், சூயிங்கத்தை மென்றபடி மீட்டர் மேல் குனிந்து. "இங்க வேலை பாக்கறவங்க நாள் முழுக்க இதைத்தான் மூச்சுல இழுக்கறாங்க. எங்கேருந்து வருதுன்னு அரை மணி நேரத்துல கண்டுபிடிங்க. இல்லேன்னா கிளினிக்குக்கு சீல்!"

"ஐயோ சார், பல்லுல பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு வைக்கறதை நான் விட்டே ரெண்டு வருஷமாச்சு!"

"ம்ம்! ம்ம்ம்!" என்றார் வாய் நிறையப் பஞ்சோடு நாற்காலியில் மல்லாந்திருந்த வாத்தியார்.

"வலிக்காது, சும்மா இருங்க!" டாக்டர் அதட்டினார். பதினெட்டு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த கிளினிக். அது போகப்போகிறது, இவருக்குப் பல் ஒரு கேடா?

நர்ஸம்மா கையைப் பிசைந்தார். "டாக்டர், அப்போ ஒரு தடவை நாலு சொட்டு சிந்திடுச்சு. பெருக்கி மிதியடிக்கு அடியில தள்ளிட்டேன்."

"அடிப்பாவி!"

மிதியடி தெருவுக்குப் போனது. ஆய்வாளர் குனிந்து, "இன்னும் இருக்கு," என்றார். பீ...ப்! பழைய அலமாரி போனது. பீ...ப்! மேஜை போனது, அதன் பின்னாலேயே டாக்டரின் செருப்பும் போனது.

"பேன்ட் மடிப்புல கூடத் தங்கும்," என்றார் ஆய்வாளர்.

அதுவும் போனது. நோயாளிக்குக் கட்டும் பிளாஸ்டிக் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றார் டாக்டர். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. அதில் பாதிப் பேர் அவரிடம் பல் கட்டியவர்கள். எல்லோரும் நன்றாகவே சிரித்தார்கள்.

"ம்ம்ம்ம்!" வாத்தியார் காலை உதைத்தார்.

"நீங்க வேற ஏன் சார் உயிரை எடுக்கறீங்க?"

ஆய்வாளர் காலி அறையின் நடுவில் நின்று மீட்டருக்கு மேல் பெருமூச்சு விட்டார். பீ...ப்! "இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல," என்று சீல் காகிதத்தை எடுத்தார். ஊர் வாயையெல்லாம் பார்த்த டாக்டர், மீட்டரையே பார்த்துக்கொண்டு பொலபொலவென்று அழுதார்.

வாத்தியார் பொறுக்கமாட்டாமல் பஞ்சை எல்லாம் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"யோவ் டாக்டர்! இவர் மீட்டர் மேல வாயைத் திறக்கறப்ப மட்டும்தான்யா அது கத்துது! உள்ள ஆறு பல்லுல அந்தப் பாதரச வெள்ளி அடைப்பு மின்னுது, சூயிங்கம் மெல்லறப்ப ஆவி அதுலேருந்துதான் வருது. சீல் வைக்கணும்னா அந்த வாய்க்கு வைங்க!"