புகை எண்ணும் பெட்டிக்கு நான் செய்த மரியாதை

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பயனில்லை. ஆரணியில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதை.

ஒன்று, தயாளன். விசைத்தறி ஷெட் முதலாளி.

இரண்டு, கோதண்டம். ஷெட்டுக்குப் பக்கத்து வீடு. கைத்தறியில் பட்டுப் புடவை நெய்பவர். அதிகம் பேச மாட்டார். பார்ப்பார்.

மூன்று, அவர் மகள் செல்வி. வாசற்கதவுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.

நான்கு, சென்னையிலிருந்து வந்த காலேஜ் மேடம். வயது இருபத்தைந்துகூட இருக்காது.

ஐந்து, மேடம் கொண்டுவந்த பெட்டி.

ஆறு, ஷெட்டு ஜெனரேட்டர்.

கடைசியாக நான். ஏழுமலை. டீசல் மெக்கானிக். எட்டாவது ஃபெயில்.

தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. கரண்ட் போனால் ஷெட்டில் ஜெனரேட்டர் ஓடும். அதன் புகைக்குழாய் கோதண்டம் வீட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் காலை அவர் தெருவில் பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள நூலை, நீட்டி இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார். சர்ச் கல்யாணப் புடவைக்கான பாவு. வெள்ளை வெளேரென்று இருந்தது. ஜெனரேட்டர் ஒரு இருமல் இருமியது. பாவு எருமைக்கன்று நிறத்துக்கு வந்துவிட்டது.

தயாளன் என்னைக் கூப்பிட்டார். நாசில் மாற்றினேன், பம்ப்பைப் பார்த்தேன். கறுப்புப் புகை நின்றது. குழாய் முன்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துக் காட்டினேன். (என் வேட்டிதான். உள்ளே டவுசர் இருந்தது.) கறை இல்லை. புகையே இல்லை என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

கோதண்டம் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் தொண்டை கரிக்கிறது என்றார்.

இதோடு விட்டிருக்கலாம். நான் அதே வாரம் என் அம்மாவை அனுப்பி அவர் மகளைப் பெண் கேட்டேன். நேரம் பார்த்துக் காரியம் செய்வதில் நான் அப்படி. அதுவரை அவரை அண்ணா என்று கூப்பிட்டவன், அந்த வாரத்திலிருந்து மாமா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

அம்மாவிடம் அவர் சொல்லி அனுப்பிய பதில் இது:

"புகையே இல்லன்னு சொல்லிகினு திரியறான் இல்ல, அத நெசம்னு காட்டட்டும். பொய் சொல்றவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்."

கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் காட்டுவது? ஒரு மாதம் யோசித்தேன். மேடம் வந்தது அப்போதுதான்.

ஊர் ஊராகப் போய் டீசல் ஜெனரேட்டர் புகையை அளப்பது அவர் படிப்பு. அவர் பெட்டி, புகையில் கண்ணுக்குத் தெரியாத பொடி எத்தனை இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணுமாம். ஒரு சர்க்கரைக் கட்டி அளவு காற்றில் இத்தனை என்று நம்பர் காட்டுமாம். எனக்குச் சாமி வந்து நின்றது போல இருந்தது. தயாளனிடம் நான்தான் கெஞ்சி வரவழைத்தேன். கோதண்டத்தையும் சாட்சிக்கு வரச் சொன்னேன்.

மேடம் ஆயுத பூஜை அன்றைக்கு வருவதாகச் சொன்னார். தெருவில் எல்லா ஷெட்டும் லீவு, வேறு புகை கலக்காது என்பது அவர் கணக்கு. ஆயுத பூஜை அன்றைக்கு ஒரு மெஷினை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பது அவர் கணக்கில் இல்லை.

பெட்டி டிபன் கேரியர் உயரம்தான். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும் டியூப் போல ஒரு குழாய் அதிலிருந்து நீளும். அதன் நுனி வழியாகத்தான் காற்றை உறிஞ்சும். உள்ளே திரியில் ஸ்பிரிட் ஊறியிருக்கிறது, சாய்க்கக் கூடாது என்றார் மேடம். நல்ல நாளும் அதுவுமாக இது சரக்கு போட்டுகினு வந்திருக்கு என்றார் தயாளன். மேடம் சிரிக்கவில்லை.

நான் பூசணிக்காய் வாங்கப் போய் வருவதற்குள் மேடம் ஏதோ சோதனை எல்லாம் முடித்திருந்தார். பெட்டியை ஸ்டூல் மேல் வைத்து, டியூப் நுனியைப் புகைக்குழாய்க்கு ஒரு முழம் தள்ளி ஒரு நாற்காலிக் கையில் கட்டிவிட்டு, பொரி கடலை சாப்பிட ஷெட்டுக்குள் போயிருந்தார்.

தயாளன் ஒரு கூடை சாமந்தி மாலையை என்னிடம் கொடுத்தார். தறி, ஜெனரேட்டர், ஸ்பானர், சைக்கிள், எல்லாவற்றுக்கும் போடு என்றார். மேடம் பெட்டியையும் விடாதே, அதுவும் ஆயுதம்தான் என்றார்.

டியூப் நுனியில் மாலை கட்டப் போனேன். பார்த்தால் நுனி வெறுமனே திறந்து கிடக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஏர் ஃபில்டர் இல்லாமல் ஒரு மெஷின் காற்றை உறிஞ்சினால் உள்ளே என்ன ஆகும் என்று தெரிந்தவன் நான். அந்த ஒன்றைத்தான் முழுசாகத் தெரிந்தவன். பெட்டியின் உறைப்பையைத் திறந்தேன். கட்டைவிரல் அளவில் வெள்ளையாக ஒரு ஃபில்டர் இருந்தது. டியூபுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது. படித்த பெண், மாட்ட மறந்துவிட்டது என்று நினைத்தேன். மாட்டினேன். அதன் மேல் மாலையைச் சுற்றினேன். மெஷின் மூச்சு முட்டாமல் சாம்பிராணி போட்டேன். புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பூஜை முடிந்தது. ஜெனரேட்டரை ஓடவிட்டேன். பெட்டி நம்பர் காட்டியது.

0.

பூசணிக்காய் உடைத்த கையோடு நான் நிமிர்ந்து நின்றேன். தயாளன் என் தோளைத் தட்டினார். வாசலில் செல்வி கதவுக்கு முழுசாக இந்தப் பக்கம் வந்துவிட்டாள். மேடம் வாயசைத்து ஏதோ சொன்னார். ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்கவில்லை. கையை ஆட்டினார். பாராட்டுகிறார் என்று கும்பிட்டேன்.

கோதண்டம் கண்ணாடி போட்டு நம்பரைப் பார்த்தார். அப்புறம் என் காதருகே வந்து, "புரட்டாசி போவட்டும். ஐப்பசில வந்து தட்டு மாத்திக்கச் சொல்லு உங்கம்மாவ" என்றார்.

மாமா என்றேன். திரும்பிப் பார்த்தார்.

சந்தோஷத்தில் அவர் ஒரு பீடி பற்றவைத்தார். தற்செயலாக டியூப் பக்கம் புகை விட்டார். பெட்டியைப் பார்த்தார். இன்னொரு இழுப்பு இழுத்து, இந்த முறை வேண்டுமென்றே விட்டார்.

0.

ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

"இன்னா மெஷின்மா இது? என் பீடியக் கூட மதிக்க மாட்டேங்குது."

"அதத்தாங்க நானும் கத்திட்டு இருக்கேன்" என்றார் மேடம். "சும்மா தெருக் காத்துலயே ஆயிரக் கணக்குல காட்டணும். சீரோ வரவே வராது."

டியூபைப் பிடித்துக்கொண்டே நுனிவரைக்கும் போனார். மாலையை விலக்கினார்.

"இத யாரு மாட்டினது?"

இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசும். ஒரு எட்டு முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, செல்விக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன்:

"நான்தாங்க. நீங்க ஃபில்டர் இல்லாமலே ஓட்டப் பாத்தீங்க."

மேடம் பொறுமையாக விளக்கினார். அது பொடி எல்லாவற்றையும் தடுத்துவிடும் ஃபில்டர். பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் மாட்டுவது. மாட்டினால் எந்தப் புகைக்கும் சீரோதான். விளக்க விளக்க என் தலை இறங்கிக்கொண்டே போனது. செல்வி கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஃபில்டரைக் கழற்றி, மறுபடி ஓடவிட்டோம். நம்பர் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. கரண்ட் மீட்டர்கூட அப்படி ஓடாது. ஒரு இடத்தில் நின்றது. மேடம் நோட்டில் எழுதினார். ஜெனரேட்டர் நின்றதும் கோதண்டம் எட்டிப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்தார்.

தயாளன் என் முகத்துக்கு நேராகவே சொன்னார், இவன் ஃபிராடு வேலை பார்த்திருக்கிறான் என்று. வேறு மெக்கானிக்கை வைத்துக்கொள்கிறேன் என்றார். பூசணிக்காயைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

கோதண்டம் பீடியை அணைத்தார்.

"பொய் சொல்றவன் இப்டி முந்திகினு வந்து நான்தான்னு சொல்ல மாட்டான் தயாளா. இவன் பொய் சொல்லல. அதுக்கெல்லாம் இவனுக்கு அறிவு பத்தாது."

என்னைப் பற்றி என் மாமனார் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு பொட்டிக்குத் தொண்ட கரிக்குமேன்னு பாவம் பாத்த. எனக்குப் பாத்தியா?"

தயாளனைக் கெஞ்சி, கூலி இல்லாமல் மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். ஜெனரேட்டரை ஷெட்டின் பின்பக்கம் வெட்டவெளிக்கு மாற்றி, புகைக்குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றி, வயல் பக்கம் திருப்பினேன். ஐப்பசியில் அவர் வெள்ளைப் பாவு ஒன்றைத் தெருவில் நீட்டினார். நாள் முழுக்க ஜெனரேட்டர் ஓடியது. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். சாயங்காலம் பாவைத் தடவிப் பார்த்துவிட்டு, அம்மாவை வரச் சொன்னார். தை மாதம் கல்யாணம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் செல்வி அந்த நம்பரை மனப்பாடம் செய்துவிட்டாள். பாத்திரம் சுத்தமாகக் கழுவிவிட்டேன் என்றால் நம்பர் சொல்வாள். வண்டி துடைத்துவிட்டேன் என்றால் நம்பர் சொல்வாள். என் மகள் எண்ணப் படிப்பதற்கு முன்னாலேயே இதைப் படித்தது. ஆயுத பூஜை வந்தால் மிக்ஸிக்கு மாலை போட்டுவிட்டு இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். "எவ்ளோங்க அது?" என்பாள் செல்வி. நான் சொன்னால்தான் சுண்டல்.

4,12,700.