ஒன்பது பிடித்த மாப்பிள்ளை

பெரம்பலூர் மண்டபத்தில் அன்று கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் பந்திக்கு முந்துவதுபோல் கூட்டம் முந்தியது. உள்ளே எண் சித்தர் வீற்றிருந்தார். செல்போன் எண்ணைச் சொன்னால் போதும். அதை அப்படியே திருப்பி எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, மிஞ்சியதை ஒற்றை இலக்கம் ஆகும்வரை கூட்டுவார். ஒன்பது வந்தால் ஒன்பது கிரகமும் சிம்முக்குள் குடியேறிவிட்டன என்று அர்த்தம். எல்லோருக்கும் ஒன்பதே வந்தது. கணக்கின்மேல் ஒருவருக்காவது சந்தேகம் வரவேண்டுமே! "ஜில்லாவுக்கே நேரம் சரியில்ல" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். பரிகாரம் பக்கத்து மேசையிலேயே விற்பனையில் இருந்தது: தோஷம் கழித்த புது சிம்.

செந்துறை மாட்டு வியாபாரி சாமிதுரை, பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கன்றுக்குட்டிகூட வாங்காதவர். மகள் லாவண்யாவுக்கு நிச்சயம் செய்த எறையூர் மாப்பிள்ளை அறிவழகனின் எண்ணுக்குச் சித்தர் போன வாரம் ஒன்பது சொல்லிவிட்டார். இன்று புது சிம் வாங்குவதா, கல்யாணத்தையே நிறுத்துவதா என்று கேட்க வந்திருந்தார். சந்தையில் பிடித்த காளை வெளியே வண்டியில் நின்றது. லாவண்யாவுக்கு அறிவழகனைப் பிடித்திருந்தது. அதனால் அவளும் கூடவே வந்திருந்தாள்.

"அவன் வேணாம்" என்று சித்தர் ஒரே போடாகப் போட்டார்.

சாமிதுரை தலையாட்டுவதற்குள் லாவண்யா ஒரு சீட்டை நீட்டினாள். "சாமி, இன்னொரு எடம் வந்திருக்குங்க. இதையும் பாத்துச் சொல்லுங்க."

"பன்னெண்டு இலக்கமா இருக்கே?"

"ஆதாருங்க."

"ஏம்மா, அது நம்ம..." என்று ஆரம்பித்த அப்பாவின் காலை மிதித்தாள்.

சித்தர் கழித்தார், கூட்டினார். "இதுவும் ஒம்போது! பையன் பொம்பள சகவாசம் உள்ளவன். கோவம் வந்தா மாமனாரையே கீழ தள்ளிடுவான்."

"நேர்லயே வந்திருக்காருங்க. கூட்டியாறேன்."

காதில் மஞ்சள் வில்லை ஆட, காளை உள்ளே வந்தது. மாடுகளுக்கு அரசாங்கம் தரும் ஆதார் எண்ணின் பன்னிரண்டு இலக்கமும் அந்த வில்லையில் பளிச்சென்று இருந்தன.

வரிசையில் நின்ற காத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். "மாப்ள எடுப்பாத்தான்டி இருக்காரு!"

"காளைக்கும் கிரகம் உண்டு!" என்று சித்தர் கத்தினார்.

"அப்ப நீங்க விக்கிற சிம்முக்கு?" லாவண்யா மேசையில் இருந்த ஒரு புது எண்ணை எடுத்து, எல்லோரும் பார்க்கக் கழித்துக் கூட்டினாள். ஒன்பது. "அம்பத்திரண்டைத் திருப்புங்க, இருவத்தஞ்சு. கழிச்சா இருவத்தேழு. ரெண்டும் ஏழும் ஒம்போது. எவ்வளவு பெரிய நம்பரா இருந்தாலும் இலக்கத்தை எடம் மாத்திக் கழிச்சா, ஒம்போதோட மடங்குதான் மிஞ்சும். அதைக் கூட்டினா ஒம்போதுதான் வரும். இது கிரகம் இல்லீங்க, கழித்தல்."

மண்டபமே செல்போனைத் தட்டியது. ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

சாமிதுரை மெதுவாகச் சித்தரிடம் போனார். "வாயைத் தொறங்க."

"எதுக்கு?"

"பல்லப் பாக்கணும். மொத நாளே பாத்திருக்கணும்."

சித்தர் பின்கதவைத் தேடினார். சாமிதுரை போனை எடுத்தார், அதே ஒன்பது பிடித்த எண்ணுக்கு. "மாப்ள, பத்திரிகை அடிக்கச் சொல்லிடுங்க."

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்தக் காளை மண்டபத்துக்குள் வரவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. கயிறு போட்டு இழுக்கவேண்டியிருந்தது. மற்ற எல்லோரும் தாங்களாகவே நடந்து வந்திருந்தார்கள்.